ஒரே பாட்டு, ஊருக்கு ஒரு தட்டு

இசைத்தட்டு சேர்க்கத் தொடங்கியிருக்கும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளைய சேகரிப்பாளர்களுக்கு,

கடைகளில் இசைத்தட்டு மறுபடி தலைகாட்டத் தொடங்கியதிலிருந்து உங்களைக் கவனித்துவருகிறேன். முதலில் ஒரு டர்ன்டேபிள் வாங்குகிறீர்கள். அப்புறம் செலோபன் பிரிக்காத புத்தம்புது 180 கிராம் எல்.பி. நாலைந்து. கொஞ்ச நாளில் அதில் அலுப்புத் தட்டுகிறது. ‘ஒரிஜினல் பிரஸ்ஸிங்’ எங்கே கிடைக்கும், என்ன விலைக்குப் போகும் என்று விசாரிக்க ஆரம்பிக்கிறீர்கள். இந்த இடத்தில்தான் நான் குறுக்கே வந்து பேச விரும்புகிறேன்.

இங்கிருந்து இரண்டு வழி பிரிகிறது. விலைப்பட்டியலைப் பிடித்துக்கொண்டு போவது ஒன்று. அதில் போனவர்கள் பலர் சில வருடங்களில் பணமும் ஆர்வமும் தீர்ந்து, சேர்த்ததை மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். ஒரே ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு, அது எந்தெந்த நாட்டில் எப்படியெப்படித் தட்டாக வந்தது என்று தேடிப் போவது இன்னொன்று. இதில் செலவு குறைவு, அலமாரியில் இடமும் குறைவு. தெரிந்துகொள்வது மட்டும் தீராது. இந்த இரண்டாவது வழிக்கு உங்களைக் கூப்பிடத்தான் எழுதுகிறேன். கூடவே ஒரு வேண்டுகோளும் உண்டு.

‘கேட்பது ஒரே பாட்டு, அதற்கு எதற்கு இத்தனை தட்டு?’ என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் எடுபடாது. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பீட்டில்ஸின் ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’. உங்கள் அப்பாவோ தாத்தாவோ கேட்டிருக்கக்கூடிய, இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டு.

1963 அக்டோபர் 17 அன்று லண்டனில், பின்னாளில் ஆபி ரோடு என்று பெயர்பெற்ற இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் அது பதிவானது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். பீட்டில்ஸ் நான்கு தடப் பதிவுக் கருவியில் பாடிய முதல் பாட்டும் அதுதான். பதினேழு தடவை வாசித்து முடித்தபோது உலகத்தில் அந்தப் பாட்டு ஒரே ஒரு நாடாவில் இருந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் நம் கதை. இ.எம்.ஐ. இசைத்தட்டுக் கம்பெனிக்கு உலகம் முழுக்கக் கிளைகளும் ஆலைகளும் இருந்தன. தட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்புவதைவிட, நாடாவின் நகலையோ உலோக அச்சையோ அனுப்பிவிட்டு அந்தந்த ஊரிலேயே தட்டு அடித்துக்கொள்வது லாபம். அப்படிப் போன ஒவ்வொரு நாட்டிலும் யாரோ சிலர் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள்: மறுபக்கம் எந்தப் பாட்டு, உறையில் எந்தப் படம், என்ன விலை, எந்தப் பொருளில் வார்ப்பது, எந்த வேகத்தில் சுழலவிடுவது. அந்த முடிவுகள்தான் இன்று நம் கையில் தட்டாக இருக்கின்றன.

முதலில் தாய்நாட்டுத் தட்டைப் பார்ப்போம். பிரிட்டனில் 1963 நவம்பர் 29 அன்று பார்லஃபோன் லேபிளில் வெளிவந்தது. எண் ஆர் 5084. மறுபக்கம் ‘திஸ் பாய்’. கடைக்கு வரும் முன்பே பத்து லட்சத்துக்கும் மேல் ஆர்டர் குவிந்துவிட்டது. இதில் உங்களுக்கு முதல் பாடம் இருக்கிறது. ‘முதல் பிரஸ்ஸிங்’ என்ற சொல்லைக் கேட்டதும் மயங்காதீர்கள். பத்து லட்சம் வீடுகளுக்குப் போன தட்டு அரிதாக இருக்க முடியாது. லண்டன் பழைய சாமான் சந்தைகளில் அது இன்றும் மலிவாகக் கிடைக்கும் சரக்கு. வாங்குங்கள், ஆனால் அதிக விலை கொடுக்காதீர்கள்.

வாங்கியதும் முள்ளை வைக்கும் முன் விளக்கடியில் சாய்த்துப் படியுங்கள். பாட்டு முடிந்து முள் ஓடி நிற்கும் வழவழப்பான வளையத்தில் மூன்று இடங்களில் எழுத்து இருக்கும். கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில் மேட்ரிக்ஸ் எண். ஒன்பது மணிப் பக்கம் ஒரு எண். மூன்று மணிப் பக்கம் ஓரிரு ஆங்கில எழுத்துகள். பதிவிலிருந்து ஒரு உலோக மூலம் எடுத்து, அதிலிருந்து ‘மதர்’ என்ற தாய் அச்சு எடுத்து, தாயிலிருந்து ‘ஸ்டாம்பர்’ என்ற அடிக்கும் அச்சுகள் எடுப்பார்கள். ஒன்பது மணி எண் அந்தத் தாய்க்கு உரியது. மூன்று மணி எழுத்துகள் ஸ்டாம்பருக்கு உரியவை. கிராமஃபோன் லிமிடெட் என்ற பெயரிலிருந்து பத்து எழுத்துகளை எடுத்து இலக்கங்களாக வைத்துக்கொண்டார்கள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, இப்படியே போகும். ‘ஆர்-ஜி’ என்று இருந்தால் அந்தத் தாயிலிருந்து எடுத்த இருபத்தொன்றாவது ஸ்டாம்பர். ஸ்டாம்பர் தேயத் தேயப் புதிது போடுவார்கள். ஆகவே சின்ன எண் இருந்தால் உங்கள் தட்டு வரிசையில் முன்னால் பிறந்தது என்று ஊகிக்கலாம். ஒரு ஆலையின் வேலை நாள் உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது.

லேபிளும் பேசும். இன்ன விலைக்குத்தான் மறுவிற்பனை செய்ய வேண்டும் என்று கடைக்காரருக்கு நிபந்தனை சொல்லும் ஒரு வரி 1964இல் பார்லஃபோன் லேபிள்களில் வந்து சேர்ந்தது, 1969இல் போய்விட்டது. அந்த வரி இல்லாத ஆர் 5084 கையில் கிடைத்தால், 1969க்குப் பிறகு அடித்ததாக இல்லாவிட்டால், அது 1963 கடைசியின் வேகத்தில் அடித்தது. விளிம்பைச் சுற்றி ஓடும் கம்பெனிப் பெயர் 1965இல் பார்லஃபோன் கம்பெனியிலிருந்து கிராமஃபோன் கம்பெனிக்கு மாறியது. நடு ஓட்டையை ஒட்டி அழுத்தியிருக்கும் இரண்டு எழுத்து, அன்றைய கொள்முதல் வரிக்கான குறி. வணிகச் சட்டமும் வரிச் சட்டமும் ஒரு காதல் பாட்டின் நெற்றியில் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

இனி அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். பிற நாட்டு பிரஸ்ஸிங் ஒன்றால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதை போதும். அமெரிக்காவின் கேப்பிட்டல் கம்பெனி, இ.எம்.ஐ.க்குச் சொந்தமானதுதான். ஆனாலும் பீட்டில்ஸின் முந்தைய சிங்கிள்களை வேண்டாம் என்று தள்ளிவிட்டது. அவை வீ-ஜே, ஸ்வான் போன்ற சிறிய லேபிள்களில் வந்து சத்தமில்லாமல் போயின. கடைசியில் ஒருவழியாக ஒப்புக்கொண்டு, 1964 ஜனவரி 13 அன்று இந்தப் பாட்டை வெளியிடுவதாகத் தேதி குறித்தது. அதற்குள் வாஷிங்டனில் மார்ஷா ஆல்பர்ட் என்ற பதினைந்து வயதுப் பெண், தொலைக்காட்சியில் பீட்டில்ஸைப் பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டு, இந்தப் பாட்டெல்லாம் இங்கே ஏன் போடுவதில்லை என்று உள்ளூர் வானொலிக்கு எழுதிக் கேட்டாள். டபிள்யூ.டபிள்யூ.டி.சி. நிலைய அறிவிப்பாளர் கேரல் ஜேம்ஸ் பி.ஓ.ஏ.சி. விமானப் பணிப்பெண் ஒருவர் மூலம் பிரிட்டிஷ் தட்டு ஒன்றை வரவழைத்தார். டிசம்பர் 17 அன்று மார்ஷாவையே மைக்குக்கு முன் நிறுத்தி அறிவிக்கச் சொல்லி அதை ஒலிபரப்பினார். தொலைபேசி ஓயவில்லை. கேப்பிட்டல் முதலில் வக்கீல் மூலம் தடுக்கப் பார்த்தது; முடியாது என்று தெரிந்ததும் தேதியை முன்னுக்கு இழுத்து, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டிசம்பர் 26 அன்று வெளியிட்டது. தன் ஆலைகள் போதாமல் போட்டிக் கம்பெனி ஆலையிலும் தட்டு அடிக்க வேண்டிவந்தது. 1964 பிப்ரவரி 1 அன்று பில்போர்டு பட்டியலில் முதலிடம். ஏழு வாரம் அங்கேயே இருந்தது. விமானத்தில் வந்த ஒரு அந்நிய பிரஸ்ஸிங், ஒரு பெரிய கம்பெனியின் நாட்காட்டியைக் கிழித்துப் போட்டது.

அந்த அமெரிக்கத் தட்டு கேப்பிட்டல் 5112. மஞ்சளும் ஆரஞ்சும் சுழியாகப் பின்னிய லேபிள். நடுவில் பெரிய ஓட்டை, ஆர்.சி.ஏ. 1949இல் 45 ஆர்.பி.எம். தட்டை அறிமுகப்படுத்தியபோது வைத்த அளவு அது. மறுபக்கம் ‘திஸ் பாய்’ கிடையாது. ‘ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்’. பிரிட்டனில் அன்று சாதாரண சிங்கிளுக்குப் படம் போட்ட உறை கிடையாது, கம்பெனியின் பொதுக் காகித உறைதான். அமெரிக்காவில் நால்வரின் படம் போட்ட உறை. அந்த உறையிலேயே சேகரிப்பாளர்கள் வருடக்கணக்கில் மூழ்கலாம். மேல் விளிம்பு நேராக வெட்டியதில் ஜார்ஜ் ஹாரிசனின் தலை முழுதாகத் தெரியும். வளைத்து வெட்டியதில் உச்சி போய்விட்டிருக்கும். நியூயார்க்கின் டபிள்யூ.எம்.சி.ஏ. வானொலி இலவசமாகக் கொடுத்த ஒன்றில், பின்பக்கத்தில் அந்த நிலையத்தின் அறிவிப்பாளர்கள் படம். அதுதான் இந்த வரிசையில் கிடைப்பதற்கரிய காகிதம்.

மறுபக்கத்து லேபிளில் பதிப்புரிமைக்காரர் பெயரைப் பாருங்கள். முதலில் அடித்தவற்றில் வால்டர் ஹோஃபர் என்று இருக்கும். அவர் நியூயார்க் வழக்கறிஞர். பிறகு ஜார்ஜ் பின்கஸ் அண்ட் சன்ஸ். அதற்கும் பிறகு கில் மியூசிக். அந்த மறுபக்கப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற பேரம் ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே நடந்தது என்பதற்கு இந்தப் பெயர் மாற்றமே அத்தாட்சி. இருபது வருடம் கழித்து, 1984இல், கேப்பிட்டல் அதே உறையை மறுபடி அச்சிட்டது. பால் மெக்கார்ட்னியின் விரலிடுக்கில் இருந்த சிகரெட் அதில் காணாமல் போயிருந்தது. இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருபது வருடத்தில் ஒரு சமூகத்தின் கூச்சம் எங்கே இடம் மாறியது என்று தெரிந்துவிடும். ஸ்ட்ரீமிங்கில் பாட்டைக் கேட்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

ஐரோப்பாவுக்கு வாருங்கள். 1964 ஜனவரியில் பீட்டில்ஸ் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன் கிளைக்காரர்களுக்கு ஒரு பிடிவாதம்: ஜெர்மன் மொழியில் பாடினால்தான் எங்கள் ஊரில் நன்றாக விற்கும். லக்ஸம்பர்க் பாடகரும் வானொலி அறிவிப்பாளருமான காமிலோ ஃபெல்கன் வார்த்தைகளைத் தயாரித்துக்கொண்டு பாரிஸுக்கு வந்தார். ஜனவரி 29 அன்று பாத்தே மார்க்கோனி ஸ்டுடியோவில் நால்வரும் விருப்பமில்லாமல் பாடினார்கள். ‘கொம், கிப் மிர் டைன ஹான்ட்’ பாட்டுக்கு லண்டன் நாடாவின் வாத்தியப் பகுதியே போதுமானதாக இருந்தது. அதன்மேல் குரல் மட்டும் புதிது. மறுபக்கத்து ‘ஸீ லீப்ட் டிஷ்’ பாட்டுக்கு, அதாவது ஜெர்மன் ‘ஷி லவ்ஸ் யூ’வுக்கு, மூல நாடா மிச்சமில்லாததால் முழுக்கப் புதிதாகவே வாசித்தார்கள். தட்டு ஓடியன் லேபிளில் வந்தது. நம் தாத்தாக்கள் சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் தட்டுகளில் பார்த்த அதே ஓடியன்தான். ஜெர்மனிக்கென்று பாடிய இந்தப் பாட்டுகளை அமெரிக்கா விட்டுவைக்கவில்லை. ஒன்றை ஸ்வான் தனி சிங்கிளாகவே போட்டது, மற்றதை கேப்பிட்டல் தன் எல்.பி. ஒன்றில் சேர்த்துக்கொண்டது.

பிரான்ஸில் நிலவரம் வேறு. அங்கே பொதுமக்கள் வாங்கியது இரண்டு பாட்டு சிங்கிளை அல்ல, நாலு பாட்டு இ.பி.யை. பளபளப்பான கெட்டி அட்டையில், எடுப்பான படத்தோடு வரும். ஆகவே இந்தப் பாட்டும் ‘இட் வோன்ட் பி லாங்’, ‘ஐ வானா பி யுவர் மேன்’, ‘டில் தேர் வாஸ் யூ’ என்ற மூன்று பாட்டுகளோடு சேர்ந்து ஓடியன் இ.பி.யாகத்தான் கடைக்கு வந்தது. பிரெஞ்சு சேகரிப்பு என்றால் உங்கள் பெட்டியில் சிங்கிளைத் தேடக் கூடாது, இ.பி.யைத் தேட வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் வாங்கும் பழக்கம் தனி. தட்டு அந்தப் பழக்கத்துக்கு வளைந்துகொடுத்தது.

ஜப்பானில் 1964 பிப்ரவரி 5 அன்று தோஷிபா கம்பெனி ஓடியன் லேபிளில் போட்ட ஓ.ஆர். 1041, அந்த நாட்டில் பீட்டில்ஸின் முதல் சிங்கிள். ஜப்பானியத் தலைப்பு, மடித்த படத்தாள், பாட்டு வரிகள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சில தட்டுகள் மாதுளைச் சிவப்பாக ஒளி ஊடுருவும். ‘எவர்கிளீன்’ என்று பெயர் வைத்து தோஷிபா தயாரித்த கலவை அது. நிலைமின்சாரம் ஏறித் தூசி ஒட்டாமல் இருக்க ஒரு சேர்மானம் போட்டார்கள். சிவப்பு அதன் அடையாளமாகிவிட்டது. அழகுக்காகச் செய்தது என்று விற்பவர்கள் கதை விடுவார்கள், நம்ப வேண்டாம். உறையில் அச்சிட்ட விலையையும் பாருங்கள். 330 யென் என்றால் தொடக்க காலத்தது, 370 யென் என்றால் பின்னால் வந்தது. விலைவாசி ஏறியதே உங்களுக்குத் தேதி சொல்லிவிடும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற இடத்தில் கிராமஃபோன் கம்பெனியின் ஆலை இருந்தது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த பாட்டுகள் தட்டாகி நம் வீடுகளுக்கு வந்தது அங்கிருந்துதான். பீட்டில்ஸ் பாட்டுகளும் அதே ஆலையில்தான் அடிபட்டன. அதில் ஒரு விசேஷம் உண்டு. பிரிட்டனில் 78 ஆர்.பி.எம். அரக்குத் தட்டு 1960 வாக்கில் நின்றுபோனது. பீட்டில்ஸ் முதல் தட்டு போட்டதே 1962இல். அதனால் அவர்கள் நாட்டில் அவர்களுக்கு 78 தட்டே கிடையாது. ஆனால் இந்தியாவில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமஃபோன்கள் அப்போதும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருந்தன. மின்சாரம் எட்டாத ஊர்கள் ஏராளம். அவர்களுக்காக டம்டம் ஆலை, பீட்டில்ஸின் தொடக்க காலப் பாட்டுகளை 45 வினைலில் அடித்ததோடு, 78 அரக்கிலும் அடித்தது. ராக் இசையின் புது யுகமும், அரக்குத் தட்டின் கடைசிக் காலமும் ஒரே வட்டத்தில் சந்தித்துக்கொண்டன. உலகம் முழுவதும் தட்டுகளுக்குப் போன அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளில் எடுத்ததுதான் என்பதையும் சேர்த்து யோசித்துப்பாருங்கள்.

இந்த டம்டம் 78 தட்டுகளை இன்று உலகச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அவை ஏன் அரிது? மேற்கத்தியப் பாட்டு வாங்கியவர்கள் இங்கே குறைவு. அரக்குத் தட்டு கை தவறினால் துண்டுதான். எல்.பி.யும் கேசட்டும் வந்ததும் மிச்சமிருந்தவை பரணுக்கும் பழைய பேப்பர்க்காரருக்கும் போயின. யாரும் திட்டமிட்டு அரிதாக்கவில்லை.

இதோடு இன்னொரு தட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். குயீன் குழுவின் ‘பொஹிமியன் ராப்சடி’ சிங்கிளை 1978இல் இ.எம்.ஐ. நீல வினைலில் 200 பிரதி மட்டும் அடித்து, எண் போட்டு, ஏற்றுமதி விருது வாங்கிய கொண்டாட்டத்தில் விருந்தினருக்குக் கொடுத்தது. அதற்கு இன்று தலைசுற்றும் விலை. நல்ல தட்டுதான். ஆனால் அரிதாக இருக்க வேண்டும் என்றே பிறந்த பொருள் அது. அதன் ஒவ்வொரு பிரதியும் எங்கே இருக்கிறது என்று தேடிப் பட்டியலிட ஆட்கள் இருக்கிறார்கள். டம்டம் தட்டு விற்பனைக்காக, கேட்பதற்காக, தேய்வதற்காகப் பிறந்தது. அதற்குப் பட்டியலிடுவோர் சொற்பம். நீலத் தட்டை வாங்கப் பணம் போதும். டம்டம் தட்டைக் கண்டெடுக்க ஊரும் மொழியும் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

என் வேண்டுகோள் இதுதான். ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் அடுத்த ஆர்டர் போடும் முன், உங்கள் ஊரில் தேடுங்கள். பெரம்பூர் மாதிரியான ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், நீலகிரி எஸ்டேட் பங்களாக்கள், கான்வென்ட் பள்ளி இசையறைகள், கிளப்புகள் எல்லாம் அன்று மேற்கத்தியத் தட்டு வாங்கிய இடங்கள். சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது எத்தனை பழைய தட்டு போயிருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. மிச்சம் இருப்பதாவது கணக்கில் வரட்டும். கேட்கப்போகும்போது பெரியவர்களிடம் விலையைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். எங்கே வாங்கினீர்கள், எந்தப் பெட்டியில் கேட்டீர்கள், யாரெல்லாம் ஆடினீர்கள் என்று கேளுங்கள். தட்டு கிடைக்காவிட்டாலும் அந்தப் பேச்சு கிடைக்கும். தட்டு கிடைத்து அவர்கள் விற்க முன்வந்தால் நியாயமான விலையைச் சொல்லிக் கொடுங்கள். விவரம் தெரியாதவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைக்காதீர்கள்.

கையில் வந்த தட்டை எப்படி நடத்துவது என்பதிலும் நான்கு வார்த்தை சொல்ல வேண்டும்.

அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். வினைலுக்கு விற்கும் துப்புரவுத் திரவம் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். அரக்கு அதில் கரையும். லேபிள் நனையாமல் மெல்லிய சோப்பு நீரில் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். 78 தட்டின் பள்ளம் அகலமானது. உங்கள் டர்ன்டேபிளில் இருக்கும் எல்.பி. முள்ளை அதில் வைத்தால் அடியில் உராய்ந்து இரைச்சல்தான் வரும், தட்டுக்கும் கேடு. 78க்கென்று தனி முள் உண்டு. எல்லாத் தட்டையும் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது வளையும் அல்லது விரியும்.

காகிதத்தைத் தட்டுக்குச் சமமாக மதியுங்கள். கடைக்காரரின் ரப்பர் ஸ்டாம்ப், பென்சிலில் எழுதிய விலை, முதல் சொந்தக்காரரின் பெயர், பிறந்தநாள் வாழ்த்து எதையும் சுரண்டாதீர்கள். பெயர் எழுதிய லேபிளைச் சந்தை ‘குறை’ என்று கணக்கு வைக்கும். உங்களுக்கு அது லாபம். குறைந்த விலைக்கும் கிடைக்கும், கூடுதல் செய்தியும் கிடைக்கும். டம்டமில் அடித்த தட்டு எந்த ஊர்க் கடை வழியாக யார் கைக்குப் போனது என்பதைச் சொல்ல அந்த ஸ்டாம்பைத் தவிர வேறு சாட்சி இல்லை.

போலிகள் உண்டு, ஜாக்கிரதை. பீட்டில்ஸ் தட்டுகளில் மிக அதிகமாகப் போலி அடிக்கப்பட்டது வீ-ஜே வெளியிட்ட ‘இன்ட்ரொட்யூசிங் தி பீட்டில்ஸ்’ எல்.பி. அதன் லேபிளில் தலைப்பும் குழுவின் பெயரும் நடு ஓட்டைக்கு மேலும் கீழுமாகப் பிரிந்திருந்தால் போலி என்று அனுபவசாலிகள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். சிங்கிளில் போலி அதிகம் உறையில்தான். தட்டு பழசாக இருக்கும், உறை நேற்று அச்சிட்டதாக இருக்கும். லேபிள் படம் மட்டும் அனுப்பும் விற்பனையாளரிடம், முள் ஓடி நிற்கும் வளையத்தையும் உறையின் விளிம்பையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அதுவே பதில்.

கடைசியாக, எழுதி வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாடு, லேபிள், எண், மறுபக்கப் பாட்டு, வளையத்தில் உள்ள எழுத்துகள் அப்படியே, உறையின் வகை, எங்கே யாரிடம் கிடைத்தது, அவர் என்ன சொன்னார். பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் தட்டுகளுக்கு இந்த வேலையை அந்தந்த நாட்டு ஆர்வலர்கள் வரி வரியாகச் செய்து புத்தகங்களே போட்டுவிட்டார்கள். கேப்பிட்டல் தட்டுகளைப் பற்றி புரூஸ் ஸ்பைசர் எழுதியதைப் பார்த்தால் ஒரு லேபிளில் இத்தனை இருக்கிறதா என்று தோன்றும். டம்டமுக்கு அப்படி ஒரு முழுமையான நூல் வந்தால், அதன் ஒரு அத்தியாயத்தையாவது தமிழ்நாட்டுப் பரண்களிலிருந்து நீங்கள் எழுதித்தர வேண்டும்.

‘ஒலி எதில் நன்றாக இருக்கும்?’ என்று உங்களில் பாதிப் பேர் கேட்பீர்கள். மறைக்காமல் சொல்கிறேன்: டம்டம் தட்டு லண்டன் தட்டைவிட நன்றாக ஒலிக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பல சமயம் இரைச்சல் கூடுதல்தான். சுத்தமான ஒலி வேண்டுமென்றால் 2019இல் வந்த பீட்டில்ஸ் சிங்கிள் தொகுப்புப் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். இருபத்து மூன்று தட்டு, அருமையாக வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியிலும் உறைகளுக்கு அவர்கள் எடுத்துப் போட்டது பல நாட்டு சிங்கிள்களின் பழைய படங்களைத்தான். நாடு நாடாக வந்த வித்தியாசத்தில்தான் சுவை இருக்கிறது என்று கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது.

நான் பீட்டில்ஸைச் சொன்னேன் என்பதற்காக நீங்களும் அதையே எடுக்க வேண்டாம். உங்களுக்கு உயிரான ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பாட்டு போதும். அதை முதலில் உள்ளூரில் தேடுங்கள், பிறகு உலகத்தில் தேடுங்கள். கிடைத்ததைப் படியுங்கள், எழுதுங்கள், ஒருவருக்கொருவர் காட்டுங்கள். எழுதப்படாத தட்டு உங்களுக்குப் பிறகு மறுபடி பழைய சாமான்தான். எழுதப்பட்டது அடுத்தவருக்கு ஆதாரம். ஆகவே தட்டு வாங்கும் காசில் முதல் செலவாக அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்குங்கள்.

அன்புடன்,
பழைய தட்டுக்காரன் ஒருவன்